நவநீதம் பிள்ளை (1941 – )

நவநீதம் பிள்ளை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நீதிபதி, பன்னாட்டு மனித உரிமைச் சட்ட வல்லுநர். உலக அரங்கில் நவி பிள்ளை என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுபவர். ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் நீதிபதியாகவும் (1995–2003) அதன் தலைவராகவும் (1999–2003), தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவராகவும் (2003–2008), ஐக்கிய நாடுகள் மனித உரிமை உயர் ஆணையராகவும் (2008–2014) பணியாற்றினார். பாலியல் வன்முறை இனப்படுகொலைக் குற்றமாகவும் அமையலாம் என்று 1998இல் வரலாற்றில் முதன்முறையாகத் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளுள் இவரும் ஒருவர். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் பெரும் பங்கினர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பலர் ஊர் திரும்பாமல் டர்பன் நகரத்தின் ஓரங்களில் காய்கறித் தோட்டமும் சிறு தொழிலுமாகக் குடியமர்ந்தனர். அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று கிளேர்வுட். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கியது. வசிப்பிடம், பள்ளி, பேருந்து, மருத்துவமனை, மணவாழ்வு என எல்லாமே தோலின் நிறத்தைக் கொண்டு வகுக்கப்பட்டன.

இளமையும் கல்வியும்

நவநீதம் 1941 செப்டம்பர் 23ஆம் நாள் கிளேர்வுட்டில் பிறந்தார். தந்தை பேருந்து ஓட்டுநர். தாய்க்குப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. தனக்குக் கிடைக்காதது மகள்களுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்பதில் அந்தத் தாய் உறுதியாக இருந்தார்.

ஆறு வயதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நவநீதம் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தையின் சம்பளப் பணமான ஐந்து பவுண்டைச் சிறுமி நவநீதத்திடமிருந்து ஒருவன் பறித்துக்கொண்டான். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபோது சிறுமி சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது; பணம் மட்டும் திரும்பி வரவில்லை. நீதிமன்றம் ஒரு குழந்தையின் வாக்கை நம்பும் என்பதையும், தண்டனை கிடைப்பதாலேயே இழந்தவரின் இழப்பு தீர்ந்துவிடாது என்பதையும் அன்று ஒருசேரக் கண்டார். குற்றவாளியைத் தண்டிப்பதோடு பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்பதும் அவர்களுக்கு ஈடு செய்வதும் நீதியின் பகுதி என்று அவர் பின்னாளில் வாதிட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு வேர்.

பதினாறாம் வயதில், பிள்ளைகளுக்கு மனித உரிமைகளைக் கற்பிப்பதில் தென்னாப்பிரிக்கப் பெண்களின் பங்கு பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சில் வெளிவந்தது. குடும்பத்தின் வருமானம் மேற்படிப்புக்குப் போதாத நிலையில், உள்ளூர் இந்தியச் சமூகத்தார் பணம் திரட்டி அவரைப் படிக்க அனுப்பினர். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963இல் இளங்கலைப் பட்டமும் 1965இல் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1982இல் முதுகலைப் பட்டமும் 1988இல் சட்ட முனைவர் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியில் சட்ட முனைவர் பட்டம் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கர் இவரே. 1965இல் வழக்கறிஞர் கேபி பிள்ளையை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள்.

வழக்கறிஞர் பணி

பட்டம் பெற்றபின், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசைச் சேர்ந்த வழக்கறிஞர் என். டி. நாயக்கரிடம் தொழில் பயின்றார். நாயக்கர் அப்போது அரசின் தடை உத்தரவுக்கு உள்ளாகியிருந்தவர். பயிற்சி முடிந்து வேலை தேடியபோது எந்த நிறுவனமும் நவநீதத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளையரல்லாத ஒரு பெண் சொல்லும் வேலையை வெள்ளை ஊழியர்கள் செய்யமாட்டார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். வேறு வழியின்றி 1967இல் தாமே அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் நடத்திய வெள்ளையரல்லாத முதல் பெண் இவர். அடுத்த 28 ஆண்டுகள் வழக்காடிய காலம் முழுவதும், நிறம் காரணமாக, எந்த நீதிபதியின் அறைக்குள்ளும் அவர் நுழைய முடிந்ததில்லை.

நிறவெறி ஆட்சியை எதிர்த்துக் கைதானவர்களுக்காக அவர் தொடர்ந்து வாதாடினார். அன்றைய பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கால வரம்பின்றித் தனிமையில் அடைத்து வைக்கலாம். வழக்கறிஞரோ உறவினரோ பார்க்க முடியாது. 1971இல் அவருடைய கணவரும் இவ்வாறு பிடித்துச் செல்லப்பட்டார். கணவரை விசாரிக்கும்போது சட்டத்துக்குப் புறம்பான முறைகளைக் காவல்துறை கையாளக் கூடாது என்று தடை கோரி நவநீதம் நீதிமன்றத்தை நாடினார், தடையும் பெற்றார். சுவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியார் அறியவே முடியாதிருந்த நாட்டில், தடுப்புக் காவல் அறையின் கதவை ஒரு நீதிமன்ற ஆணை தட்டியது பெரிய செய்தி. தனிமைச் சிறையும் சித்திரவதையும் கைதிகளின் மனத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்பதையும் அவர் வழக்குகளின் வழியே வெளிக்கொணர்ந்தார்.

1973இல் ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகளுக்காக அவர் நடத்திய வழக்கு அவரது வழக்கறிஞர் வாழ்வின் உச்சம். நிறவெறியை எதிர்த்த ஐக்கிய இயக்கம் என்ற அமைப்பைச் சேர்ந்த காதர் ஹாசிம், சன்னி வெங்கட்ரத்னம் ஆகியோருக்காக அவர் வாதாடினார். அந்த முயற்சியால், நெல்சன் மண்டேலா உட்பட அத்தீவின் கைதிகள் அனைவருக்கும் வழக்கறிஞரைக் காணும் உரிமை உறுதியானது.

பெண்கள் உரிமைப் பணி

அரசியல் வழக்குகளுக்கு நிகராக வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் நவநீதம் எதிர்த்தார். அடிபட்டு வரும் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் மையத்தை டர்பனில் அமைப்பதில் பங்கேற்றார். விடுதலைப் போராட்டம் வெல்லட்டும், பெண்கள் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. மகளிர் தேசியக் கூட்டணியின் உறுப்பினராக, புதிய தென்னாப்பிரிக்க அரசியலமைப்பில் சமத்துவப் பிரிவு இடம்பெற உழைத்தார். இனம், சமயம், பால், பாலீர்ப்பு எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்று அப்பிரிவு கூறுகிறது. பெண்களுக்கு எதிரான வன்முறையையும் பாகுபாட்டையும் எதிர்க்கும் ‘ஈக்வாலிட்டி நவ்’ என்ற பன்னாட்டு அமைப்பை 1992இல் நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் மண்டேலா இவரை உயர் நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அங்கு நீதிபதி ஆனது அதுவே முதல்முறை. இவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதியின் அறை, நீதிபதியாக இவருக்கே ஒதுக்கப்பட்ட அறைதான்.

ருவாண்டா தீர்ப்பாயம்

1994 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் ருவாண்டாவில் துட்சி இன மக்களும் கொலையை எதிர்த்த ஹுட்டு இனத்தவருமாகச் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். காரணமானவர்களை விசாரிக்க அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு அவை 955ஆம் தீர்மானத்தின் வழியே தனித் தீர்ப்பாயம் அமைத்தது. தான்சானியாவின் அருஷா நகரில் அது இயங்கியது. உயர் நீதிமன்றப் பணி தொடங்கிய சிறிது காலத்திலேயே ஐ.நா. பொது அவை நவநீதத்தை இத்தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுத்தது. தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி இவர்தான்.

அகயேசு வழக்கு

ழான்-பால் அகயேசு ருவாண்டாவின் தாபா வட்டாரத்து மேயர், முன்னாள் ஆசிரியர். அவரது வட்டாரத்தில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டதாகத் தீர்ப்பாயம் கண்டது. வழக்கு 1997 ஜனவரியில் செனகலின் லைட்டி காமா, சுவீடனின் லெனார்ட் ஆஸ்பெகிரென், நவநீதம் பிள்ளை ஆகிய மூவர் முன் தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் கொலையும் சித்திரவதையும் இருந்தன. பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அம்மாதமே ‘ஜே’ என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு பெண் சாட்சியம் அளித்தார். தம் ஆறு வயது மகளைச் சிலர் வன்புணர்ந்ததை விசாரணையின் நடுவே அவர் சொன்னார். வழக்குத் தொடுநர் தரப்பு அதற்காக அவரை அழைத்திருக்கவில்லை. தாபா அலுவலக வளாகத்தில் வேறு பெண்களுக்கும் இது நேர்ந்ததாகக் கேள்விப்பட்டதையும் கூறினார். அவரிடமும் அடுத்து வந்த ‘எச்’ என்ற சாட்சியிடமும் நீதிபதிகள் மேலும் கேட்டனர். நவநீதம் கேட்ட கேள்விகள் அதில் முக்கியமானவை. மகளிர் அமைப்புகளும் வெளியிலிருந்து வலியுறுத்தின. 1997 ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டுப் பாலியல் குற்றங்கள் சேர்க்கப்பட்டன. அந்தப் பெண்கள் அதுவரை பேசாமல் இருந்ததற்குக் காரணம், அவர்களிடம் யாரும் கேட்காததே.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் வெளியான தீர்ப்பு பல வகைகளில் முதலாவது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை கையெழுத்தாகி ஐம்பது ஆண்டுகள் கழித்து, பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழக்கு நடத்தி ஒருவரை அக்குற்றத்துக்காகத் தண்டித்தது இதுவே முதல்முறை. ஓர் இனத்தின் பெண்களைக் குறிவைத்து, அந்த இனத்தை அழிக்கும் நோக்கில் நடத்தப்படும் வன்புணர்வு இனப்படுகொலையின் ஒரு வழியே என்று தீர்ப்பு கூறியது. அதுவரை பன்னாட்டுச் சட்டத்தில் இல்லாத வன்புணர்வு வரையறையையும் அது வகுத்தது. எந்த உறுப்பு, எந்தப் பொருள் என்று பட்டியலிடுவதை விடுத்து, அச்சுறுத்தும் சூழலில் ஒருவரின் உடல் மீது நிகழும் பாலியல் அத்துமீறல் என்று அது அமைந்தது. ஆயுதம் ஏந்திய கும்பல் சூழ்ந்து நிற்கும் இடத்தில் அடியோ உதையோ இருந்ததா என்று தனியே கேட்கத் தேவையில்லை, அச்சூழலே கட்டாயம் என்றும் தீர்ப்பு தெளிவாக்கியது. அகயேசு தம் கையால் இக்குற்றங்களைச் செய்தவர் அல்லர். தம் அலுவலக வளாகத்தில் நடந்ததை அறிந்தும் தடுக்காமல் ஊக்கப்படுத்தியதற்காகவே இக்குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

காலங்காலமாகப் போரில் வன்புணர்வு வெற்றி பெற்றவரின் கொள்ளைப் பொருள் போலவே நடத்தப்பட்டு வந்தது. வீட்டு மானம், குலப் பெருமை என்ற சொற்களில் அதை மூடிவைக்கும் பழக்கம் எல்லா நாடுகளிலும் இருந்தது. இத்தீர்ப்பு அதைப் பெண்ணின் உடலுக்கும் உயிருக்கும் எதிரான பெருங்குற்றமாகச் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் ரோமில் ஏற்கப்பட்ட பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றச் சட்டமும் வன்புணர்வு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கருத்தரிப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகப் பெயர் சொல்லிக் குறித்தது.

ஊடக வழக்கு

நவநீதம் தலைமை நீதிபதியாக இருந்து நடத்திய பெருவழக்கு ‘ஊடக வழக்கு’ எனப்படும். எரிக் மோசே (நார்வே), அசோக டி சொய்சா குணவர்தன (இலங்கை) ஆகியோர் உடன் நீதிபதிகள். துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் அறிவித்த ஆர்.டி.எல்.எம். வானொலியின் நிறுவனர்களான பெர்தினாந்து நஹிமனா, ழான்-பொஸ்கோ பராயாக்விசா ஆகியோரும், ‘கங்குரா’ இதழின் ஆசிரியர் ஹசன் ங்கேசேயும் குற்றம் சாட்டப்பட்டனர். 2003 டிசம்பர் 3ஆம் நாள் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. துப்பாக்கியோ வெட்டுக்கத்தியோ ஏந்தாமலே ஆயிரக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமாகலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். நியூரம்பர்க்கில் நாஜி இதழாசிரியர் யூலியஸ் ஸ்ட்ரைசர் தண்டிக்கப்பட்டபின், ஊடகத்தின் வழியான வெறுப்புப் பேச்சு பன்னாட்டு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட முதல் பெருவழக்கு இது. 2007இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் சில குற்றத்தீர்ப்புகளை நீக்கி, தண்டனைகளை 30 முதல் 35 ஆண்டுகளாகக் குறைத்தனர். 1994க்கு முன் வெளியானவை தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரா என்பது அதற்கு ஒரு காரணம். இனப்படுகொலைக்குத் தூண்டியது குற்றம் என்ற அடிப்படை நிலைத்தது.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம்

2003 பிப்ரவரியில், புதிதாக அமைந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளுள் ஒருவராக நவநீதம் தேர்வானார். அவர்களுள் எழுவர் பெண்கள். அருஷாவில் ஒரே பெண் நீதிபதியாகத் தொடங்கியவருக்கு எட்டாண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் இது. மேல்முறையீட்டுப் பிரிவில் பணியாற்றி, 2008 ஆகஸ்டில் பதவி விலகினார்.

மனித உரிமை உயர் ஆணையர்

ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூனின் பரிந்துரையைப் பொது அவை 2008 ஜூலை 28ஆம் நாள் ஏற்க, செப்டம்பர் 1ஆம் நாள் உயர் ஆணையராகப் பொறுப்பேற்றார். நீதிபதியைப் போலத் தண்டிக்கும் அதிகாரம் இப்பதவிக்கு இல்லை. நேரில் சென்று பார்ப்பது, ஆவணப்படுத்துவது, அரசுகளை வெளிப்படையாகக் கேள்வி கேட்பது ஆகியவையே அதன் கருவிகள். நான்காண்டுப் பதவிக்காலம் 2012இல் மேலும் ஈராண்டு நீட்டிக்கப்பட்டது. ஓரினச் சேர்க்கையாளர், திருநர் ஆகியோரின் சமத்துவத்துக்காக 2013இல் ஐ.நா.வின் முதல் உலகப் பரப்புரையைத் தொடங்கி வைத்தார்.

2009 மார்ச் மாதம் இந்தியா வந்தபோது, ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் போன்ற பழைய சட்டங்களைக் கைவிட வேண்டும் என்றார். சாதிப் பாகுபாட்டையும் மனித உரிமை மீறலாகவே உலக அரங்கில் பேசினார். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையை ஒழிக்க இந்தியாவில் நடந்த இயக்கத்தை 2013 ஜனவரியில் பாராட்டி அறிக்கை வெளியிட்டார்.

தமிழர்கள் அவரை அதிகம் அறிந்தது இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரை ஒட்டித்தான். 2009 மார்ச் 13ஆம் நாள், அவ்வாண்டு ஜனவரி 20க்குப் பின் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டு 7,000க்கும் மேற்பட்டோர் காயமடைந்திருக்கலாம் என்று தெரிவித்து, இரு தரப்பின் செயல்களும் போர்க்குற்றங்களாகலாம் என எச்சரித்தார். போர் முடிந்ததும் மே இறுதியில் கூடிய மனித உரிமைப் பேரவைச் சிறப்புக் கூட்டத்தில் சுதந்திரமான பன்னாட்டு விசாரணையைக் கோரினார். பேரவையோ இலங்கை அரசுக்கு இசைவான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியாவும் அதை ஆதரித்தது. நவநீதம் கோரிக்கையைக் கைவிடவில்லை.

2013 ஆகஸ்ட் 25 முதல் 31 வரை இலங்கையில் தங்கி, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இடங்களுக்குச் சென்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தாரைச் சந்தித்தார். இவரது தமிழ் வம்சாவளியைச் சுட்டி இவரைப் புலிகளின் ஆள் என்று அமைச்சர்களும் ஊடகங்களும் தாக்கி வந்ததற்குக் கொழும்பிலேயே விடை கூறினார்: அது பொய், தம்மைப் புண்படுத்துவது, தாம் தென்னாப்பிரிக்கர் என்று பெருமை கொள்பவர் என்றார். விடுதலைப் புலிகள் செய்த கொலைகளையும் அதே மேடையில் கடுமையாகக் கண்டித்தார். தம்மைச் சந்தித்துப் பேசியவர்களைப் பாதுகாப்புப் படையினர் விசாரித்ததையும் பகிரங்கமாகச் சொன்னார். 2014 மார்ச் 27ஆம் நாள் பேரவை 23க்கு 12 என்ற வாக்குகளில் இலங்கைப் போர் குறித்த பன்னாட்டு விசாரணைக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகள் வாக்களிக்கவில்லை. விசாரணை அறிக்கை, அவர் பதவி விட்டுச் சென்றபின், 2015 செப்டம்பரில் வெளிவந்தது.

பிற்காலப் பணிகள்

ரோகிங்கியா மக்கள் மீதான ஒடுக்குமுறை குறித்து மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கில், காம்பியா தேர்ந்தெடுத்த சிறப்பு நீதிபதியாக அனைத்துலக நீதிமன்றத்தில் அமர்ந்தார். 2020 ஜனவரி 23ஆம் நாள் அம்மக்களைக் காக்கும் இடைக்கால ஆணையை நீதிமன்றம் ஒருமனதாகப் பிறப்பித்தது. மரண தண்டனைக்கு எதிரான பன்னாட்டு ஆணையத்துக்கும் தலைமை வகித்தார்.

ஆக்கிரமிக்கப்பட்ட பாலத்தீனம், இஸ்ரேல் ஆகியவை குறித்த ஐ.நா. விசாரணை ஆணையத்துக்கு 2021இல் தலைவரானார். இந்தியாவின் மிலூன் கோத்தாரி, ஆஸ்திரேலியாவின் கிறிஸ் சிடோட்டி உடன் உறுப்பினர்கள். காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்துள்ளது என்று அவ்வாணையம் 2025 செப்டம்பரில் முடிவு கூறியது. இஸ்ரேல் அதை மறுத்தது. வயது முதலிய காரணங்களால் நவம்பரில் நவநீதம் விலக, சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய, ஒடிசா உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி எஸ். முரளிதர் அப்பொறுப்புக்கு வந்தார்.

விமர்சனங்கள்

இலங்கை, இஸ்ரேல், அமெரிக்க அரசுகள் வெவ்வேறு காலங்களில் இவர் ஒருதலைச் சார்புடையவர் என்று குற்றம் சாட்டின. ஊடக வழக்குத் தீர்ப்பு பேச்சுரிமையின் எல்லையை அளவுக்கு மேல் குறுக்குவதாகச் சில சட்ட அறிஞர்கள் கருதினர். உயர் ஆணையரின் அறிக்கைகள் பல, வல்லரசுகளின் எதிர்ப்பால் நடவடிக்கையாக மாறவில்லை. சிரியப் போரில் பாதுகாப்பு அவையின் செயலின்மையை அவரே வெளிப்படையாகச் சாடினார்.

மதிப்பீடு

நவநீதத்தின் பங்களிப்பை அவர் வகித்த பதவிகளை வைத்து மட்டும் அளக்க முடியாது. நீதிமன்றத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது, உள்ளே வந்தவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளே அவர் வாழ்வு முழுவதும் தொடர்ந்தன. ராபன் தீவில் கைதிக்கு வழக்கறிஞரைப் பெற்றுத் தந்தபோது முதல் கேள்விக்கும், அருஷாவில் சாட்சியின் வாக்குமூலத்தைக் கவனித்துக் கேட்டபோது இரண்டாவது கேள்விக்கும் அவர் விடை தந்தார். அகயேசு வழக்கின் நீதிபதிகள் மூவரும் ஆண்களாக இருந்திருந்தாலும் இதே தீர்ப்பு வந்திருக்கலாம். ஆனால் குற்றப்பத்திரிகையைத் தயாரித்த நிலைகளில் யாருக்கும் அக்கேள்வி தோன்றவில்லை என்பதே வரலாறு. நீதிபதி இருக்கையில் பெண்கள் அமர்வது எண்ணிக்கைச் சமத்துவத்துக்காக மட்டும் வேண்டியதன்று. உண்மை முழுமையாக வெளிவருவதற்கே அது தேவை என்பதை இவ்வழக்கு காட்டியது. அகயேசு தீர்ப்பு இன்றும் உலகெங்கும் போர்க்காலப் பாலியல் வன்முறை வழக்குகளில் முன்னுதாரணமாக எடுத்தாளப்படுகிறது.